மட்டாஞ்சேரியிலிருந்து அறுபத்துநாலு லிட்டரில்

பிப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை. காலை நாலு நாற்பதுக்கு எழுந்தேன். ஒரு தம்ளர் வெந்நீர், இருபது நிமிட நடை, குளியல். ஐந்தே முக்காலுக்கு யார்டில் இருந்தேன். சங்ககிரியில் ஒரு லாரி ஆபீஸில் இருபத்திரண்டு ஆண்டுகளாக டீசல் ரிஜிஸ்டர் எழுதுபவன் நான். நின்றிருந்த ஐந்து வண்டிகளின் கிலோமீட்டரைக் குறித்தேன். ஆயில் குச்சிகளை உருவித் துடைத்து அளவு பார்த்தேன். ஆறரைக்கு டீ. அது பாதி இருக்கும்போதே முதலாளி வந்து எதிரே உட்கார்ந்தார்.

“கொச்சி லைன் அஷ்ரப்பு போன மாசம் என்ன மைலேஜுங்க?”

“லிட்டருக்கு நாலே முக்காலுங்க.”

“மத்தவங்க?”

“நாலு. மிஞ்சிப்போனா நாலும் சொச்சம்.”

“அதே வண்டி, அதே ரோடு, அதே லோடு. இவனுக்கு மட்டும் சாமி வந்து டீசல் ஊத்துதா? நியூட்ரல்ல உருட்டறானுங்க.”

இறக்கம் வந்தால் கியரைக் கழற்றிவிட்டு வண்டியைச் சும்மா ஓடவிடுவதுதான் உருட்டுவது. டீசல் மிச்சமாகும் என்பது டிரைவர்களின் பழைய நம்பிக்கை. அப்படி உருட்டிய எங்கள் வண்டி ஒன்று பொங்கலுக்கு முன்னால் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் பாலத்துச் சுவரில் மோதியது. டிரைவருக்குக் கால் முறிந்தது. உருட்டுகிறவனுக்கு இனி இங்கே வேலை இல்லை என்று முதலாளி அன்றே சொல்லிவிட்டார்.

“நீங்களே போயிப் பக்கத்துல உக்காந்து பாருங்க. நெசமுன்னா சாவிய வாங்கிக்குங்க, வேற ஆளை அனுப்பிக்கலாம். மறுபேச்சு வேண்டாம்.”

எனக்கும் சந்தேகம் இருந்தது. அஷ்ரப் எங்களிடம் சேர்ந்து ஒன்றரை ஆண்டு ஆகிறது. கிலோமீட்டரை எழுதி அனுப்பச் சொன்னால் போனில் பேசிப் பதிந்து அனுப்புவார். இரண்டு முறை கண்டித்தும் மாறவில்லை. நாலு எண்ணை எழுதச் சோம்பல்படுகிறவர் இறக்கத்தில் கியரைப் பிடித்துக்கொண்டிருப்பாரா என்று நினைத்தேன். பையில் இரண்டு சட்டை, ஒரு நோட்டு, இரண்டு பேனா வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

மாலை நாலு பத்துக்கு எர்ணாகுளம் படகுத்துறையில் நின்றேன். படகுகளின் பலகைகளில் மலையாளம். எனக்கு அது கோலம் போட்டதுபோலத்தான் தெரிந்தது. கூட்டம் ஏறிய படகில் நானும் ஏறினேன். மட்டாஞ்சேரி எப்போது வரும் என்று பக்கத்து இருக்கையிலிருந்த அம்மாளைக் கேட்டேன். அவர் மலையாளத்தில் சொன்னதன் பொருள் இது: “இந்த ஜென்மத்தில் வராது. இது வைப்பின் போகிறது.”

வைப்பின் தீவில் இறங்கி, அங்கிருந்து போர்ட் கொச்சிக்கு வண்டிகளை ஏற்றிச் செல்லும் பெரிய படகுக்கு வந்தேன். வழி தவறியதற்கு அங்கேயே பலன் கிடைத்தது. இருபது கார்கள், மீன் பெட்டி ஏற்றிய ஒரு சின்ன லாரி, ஸ்கூட்டர்கள், ஆட்கள், எல்லாவற்றையும் சுமந்த இரும்புத் தட்டு ஒன்று, கடல் வாயில் இழுக்கும் நீரைப் பக்கவாட்டில் வெட்டிக்கொண்டு நகர்ந்தது. இன்ஜின் சத்தத்தைத் தேடினேன். பெரிய சத்தமே இல்லை. நிதானமான ஒரு அதிர்வு பாதத்தில் மட்டும் இருந்தது. பாரம் இழுக்கிற இன்ஜின் கத்த வேண்டும் என்று அதுவரை நினைத்திருந்தவன் நான்.

வாயைத் திறந்தபடி நின்றிருக்க வேண்டும். மீன் லாரிக்காரர் சிரித்தார். “சேட்டா, முதல் தடவையா? வாயை மூடிக்கோ. காக்கா உள்ளே வந்து மீன் தேடும்.”

மட்டாஞ்சேரிக் கடைவீதியில் ஆட்டோவிலிருந்து இறங்கியபோது சுக்கு வாசனை முகத்தில் அடித்தது. எங்கள் மஞ்சள் மண்டிகளின் வாசனை மண்ணோடு வரும். இது உப்புக் காற்றோடு வருகிறது. இருபுறமும் பழைய கிடங்குகளின் காவிச் சுவர்கள். நடுவே ஒரு லாரி, ஒரு சைக்கிள் போகும் அகலம்தான். அந்தச் சந்தில் எங்கள் பத்துச் சக்கர வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தார் அஷ்ரப். சுவருக்கும் கண்ணாடிக்கும் நடுவே நாலு விரல் இருந்தது. இன்ஜின் உறுமவில்லை. முணுமுணுத்தது.

இறங்கி வந்தார். நாற்பத்துநாலு வயது, ஒல்லி, வெறுங்கால். செருப்பு கேபின் படிக்கட்டின் ஓரத்தில் கிடந்தது.

“வாங்க சாரே. போன்ல திட்டற குரலை எங்க ஊர்ல இப்பத்தான் பாக்கறேன். சாயா குடிக்கலாமா?”

பால் விடாத கட்டஞ்சாயாவும் வாழைப்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்த பழம்பொரியும் வாங்கித் தந்தார். மீன் கட்லெட்டும் சொன்னார். செவ்வாய்க்கிழமை என்று மறுத்துவிட்டேன். கடையில் கிடந்த மலையாளப் பேப்பரைத் தடங்கலின்றி வாசித்து, லாரிகளுக்குப் பகலில் எந்த நேரம் தடை என்று எனக்குத் தமிழில் சொன்னார். லோடு ஏற்றுவதைப் பார்க்க வந்தேன் என்றேன். தலையாட்டினார்.

12, புதன். எட்டு பத்துக்கு லோடு ஆரம்பமானது. சேலம் மண்டிக்குப் பதினாறு டன் சுக்கு. மூட்டை தூக்கும் சுமட்டுத் தொழிலாளிகள் ஏழு பேர், தலைவர் தங்கச்சன். என் கையில் நோட்டைப் பார்த்ததும் தங்கச்சன் கும்பிட்டார். அவர் மலையாளம் எனக்கு முக்கால்வாசி புரிந்தது. “தமிழ்நாட்டு ஆபீசர் வந்திருக்கார், குளிச்சீங்களாடா எல்லாரும்? சார், சுக்கை எடை போடணுமா, ஒவ்வொண்ணா எண்ணணுமா?”

“எண்ணினால் நல்லது” என்றேன். ஒரு நிமிடம் என்னை உற்றுப் பார்த்துவிட்டு ஏழு பேரும் சிரித்தார்கள். அதன்பின் எனக்கும் ஒரு முக்காலி கிடைத்தது.

பத்து மணி சாயாவுக்கு உட்கார்ந்தபோது தங்கச்சன் அஷ்ரப்பைக் காட்டிச் சொன்னார்: “இவனால் எங்களுக்குப் பெரிய தொல்லை. மற்ற லாரி தோப்பும்படிப் பாலம் ஏறும்போதே இங்கே சத்தம் கேட்கும். சாயாவைக் குடித்து முடித்து எழுந்தால் சரியாக இருக்கும். இவன் வண்டி பூனை மாதிரி வந்து நிற்கும். பாதிச் சாயாவோடு ஓடணும்.”

அதை நோட்டில் குறித்தேன். ஏன் குறித்தேன் என்று அப்போது தெரியாது.

மதியம் கேபினில் ஏறிப் பார்த்தேன். டேஷ்போர்டுக்கு மேலே என் தாள் ஒட்டியிருந்தது. நானே தட்டச்சு செய்து, எங்கள் பதினோரு வண்டிகளிலும் என் கையால் ஒட்டிய தாள். மேலே பிள்ளையார் சுழி, கீழே என் கையெழுத்து, நடுவில் ஓட்டும் முறை பற்றி எட்டு வரிகள். முதல் வரி: ‘ஆர்.பி.எம். முள் 1800-க்குக் கீழே இறங்காமல் ஓட்டவும். இறங்கினால் இன்ஜின் திணறும்.’ பழைய வண்டிகள் இருந்த காலத்தில் எங்கள் மெக்கானிக் சொல்லி எழுதியது. வண்டிகள் மாறியபோது புதுப் பிரதி எடுத்து ஒட்டினேன். மற்ற கேபின்களில் அதன்மேல் எண்ணெய்க் கறையும் வெற்றிலைக் கறையும் படிந்திருக்கும். இங்கே மூலைகூட மடங்கவில்லை. தினமும் துடைத்த பளபளப்பு. என் தாளுக்கு இவ்வளவு மரியாதை செய்கிறவர் விதியை மீறமாட்டார் என்று ஒரு கணம் தோன்றியது. அப்படியானால் அந்த மைலேஜ் எங்கிருந்து வருகிறது என்பது இன்னும் குழப்பமானது.

மாலை தோப்பும்படி பெட்ரோல் பங்கில் டேங்கை நிரப்பினோம். எங்கள் வழக்கப்படி வாய்வரை ஊற்றி, இருவரும் வண்டியின் பக்கத்தைப் பிடித்து உலுக்கி, நுரை அடங்கியதும் மறுபடி ஊற்றினோம். வழியில் திறந்தால் தெரியும்படி, இந்த முறை மூடிக்கு நான் முத்திரைக் கம்பியும் கட்டினேன். அஷ்ரப் கம்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “நல்லா முறுக்குங்க சாரே” என்றார்.

இரவுச் சாப்பாடு சுள்ளிக்கல்லில் அவர் வீட்டில். இரண்டு அறை, கழுவிவிட்ட சிமென்ட் தரை. கப்பையை வேகவைத்து மசித்து, மேலே மத்திக் கறி. எங்கள் ஊரில் கப்பை என்றால் ஜவ்வரிசி ஆலைக்குப் போகும் குச்சிக் கிழங்கு. லாரி லாரியாக லோடு எழுதியிருக்கிறேனே தவிர, தட்டில் வைத்துத் தின்றதில்லை. மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

அஷ்ரப் தொழப் போயிருந்தபோது அவர் மனைவி ரஹ்மத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். பாலக்காட்டு ராவுத்தர் குடும்பம். வீட்டில் தமிழ்தான் பேசுகிறார்கள்.

“சார், இவங்க வேலைக்கு ஒண்ணும் பிரச்சனை இல்லல்ல?”

நான் தண்ணீரைக் குடித்தேன்.

“மின்னாடி நாக்பூர் லைன்ல ஓடினாங்க. ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா வருவாங்க. சின்னவ இவங்களைப் பாத்து ‘மாமா’ன்னு கூப்ட்டா. வாசல்லயே நின்னு அழுதாங்க சார். உங்க கம்பெனில சேந்ததுக்கு அப்பறந்தான் வாரத்துல ரெண்டு ராத்திரி வீட்ல இருக்காங்க. இப்ப ‘வாப்பா’ங்கறா.”

நல்லவிதமாக ஏதாவது சொல்லியிருக்கலாம். பார்க்காததைப் பற்றிச் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. “நாளைக்கு அவரோடதான் வர்றேன்மா” என்று மட்டும் சொன்னேன். அது அவருக்கு ஆறுதலாக இருந்ததாகத் தெரியவில்லை.

13, வியாழன். ஐந்து நாற்பதுக்குப் புறப்பட்டோம். நோட்டில் மூன்று கட்டங்கள் போட்டிருந்தேன்: பிரேக், நிறுத்தம், நியூட்ரல். அஷ்ரப் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். நானும் ஷூவைக் கழற்றினேன்.

முதல் பெரிய பாலத்திலேயே என் கண் முள்ளுக்குப் போனது. குண்டன்னூர்ப் பாலத்தின் ஏற்றம். சுக்கோடு சேர்த்து இருபத்தைந்து டன். முள் 1400-ல் இருந்தது. 1300. 1200. மற்ற டிரைவர்கள் இந்நேரம் கியரைக் குறைத்து ஆக்சிலேட்டரை அழுத்தி அலறவிட்டிருப்பார்கள். இவர் கால் அசையவில்லை.

“அஷ்ரப், கியரைக் குறைங்க! இன்ஜின் திணறும்!”

“திணறலை சாரே. இழுக்குது.”

“ஆயிரத்து நூறுக்கு வந்திருச்சு!”

“முள்ளைப் பாக்காதீங்க. காலைத் தரையில அமுத்தி வையுங்க.”

வைத்தேன். ஆழத்திலிருந்து ஒரே சீரான இடி, ஒவ்வொன்றும் தனித்தனியாக, எண்ணிவிடலாம்போல. முந்தாநாள் படகின் இரும்புத் தட்டில் என் பாதம் உணர்ந்ததும் இதுவேதான். முள் 1100-ல் நின்றது. அதற்குக் கீழே போகவில்லை. இருபத்தைந்து டன் அந்த நிதானத்திலேயே பாலத்தின் முதுகில் ஏறியது.

“இந்த அதிர்வு குலுக்கலா மாறுச்சுன்னா அப்பத்தான் கியர் குறைக்கணும். அதுவரைக்கும் குறைச்சா சும்மா சத்தம், சும்மா டீசல்.”

“என் தாளைப் படிச்சதே இல்லையா நீங்க?”

அவர் தாளைப் பார்த்தார், பிறகு சாலையைப் பார்த்தார்.

புறவழிச்சாலையில் நான் கண்டதை நம்புவதற்கு என் நோட்டே எனக்குச் சாட்சி. தூரத்துச் சிக்னலில் சிவப்பு விழுந்ததுமே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவார். வண்டி தானாகத் தளர்ந்து நகரும். பின்னால் ஹாரன் அடிப்பவர்கள் முந்திப் போய்ச் சிக்னலில் நிற்பார்கள். நாங்கள் போய்ச் சேரும்போது பச்சை விழும். நின்றவர்கள் முதல் கியரிலிருந்து தொடங்குவார்கள், நாங்கள் ஓடிக்கொண்டே அவர்களைத் தாண்டுவோம். இடப்பள்ளி வரை பிரேக் கட்டத்தில் ஒன்பது கோடுகள், நிறுத்தம் இரண்டு. ஒரு முறை, சாலையோரம் கூடையோடு நின்ற பெண்ணைக் கண்டு இவர் காலை எடுத்தார். அந்தப் பெண் சாலையில் இறங்கியது அதற்குப் பிறகுதான். இந்த மனிதர் எதிரே நடப்பதை வாசித்துக்கொண்டே ஓட்டுகிறார் என்று எழுதினேன். ரிஜிஸ்டரில் இப்படி ஒரு வரி நான் எழுதியதே இல்லை.

திருச்சூருக்கு முன்னால் ஒரு கடையில் புட்டும் கடலையும். எங்கள் ஊர்ப் பரோட்டாக் கடை டீயைவிட இங்கே டீ நீளம். ஆற்றி ஆற்றி ஒரு முழம் இழுக்கிறார்கள். எனக்கு ருசி தெரியவில்லை. குதிரான் மலைச் சுரங்கத்துக்கு அப்பால் வரும் இறக்கம்தான் மனதில் இருந்தது. உருட்டுவதானால் அங்கேதான் உருட்ட வேண்டும்.

சுரங்கத்தின் இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு வந்தோம். சாலை கீழே சரிந்தது. நான் அவர் இடது கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். கை கியர் தண்டின்மேல் இருந்தது. பேனாவை மூன்றாவது கட்டத்தின் மேல் வைத்தேன். ரஹ்மத் வைத்த தண்ணீர் நினைவுக்கு வந்தது.

கை அசையவில்லை. வலது கால் ஆக்சிலேட்டரை விட்டு எழுந்து தரையில் உட்கார்ந்தது. கியர் கியரிலேயே இருந்தது. இன்ஜின் வண்டியைப் பிடித்துக்கொண்டு தாழ்ந்த குரலில் முனகியது. வேகம் கூடவே இல்லை.

“நியூட்ரல்ல விட்டா இன்னும் மிச்சமாகுமே?” என்று தூண்டிலைப் போட்டேன்.

“அதாக்கும் எல்லாரும் பண்ற தப்பு. நியூட்ரல்ல விட்டா இன்ஜின் அணையாம இருக்கவே டீசல் குடிக்கணும். கியர்ல விட்டுக் காலை எடுத்தா சக்கரமே இன்ஜினைச் சுத்தும். அந்தச் சின்னத் திரையைப் பாருங்க.”

டேஷ்போர்டின் மூலையில், அந்த நொடியில் ஓடும் டீசலைக் காட்டும் எண். சைபர். இருபத்தைந்து டன் மலையிறங்குகிறது, ஒரு துளி எரியவில்லை. அந்தச் சைபர் மாறும்வரை நான் கண் எடுக்கவில்லை. இருபத்திரண்டு ஆண்டுகளாக டீசலை எழுதியவன், டீசலே இல்லாமல் ஓடும் லாரியில் உட்கார்ந்திருந்தேன்.

“சாவி வாங்கத்தானே வந்தீங்க சாரே?”

நான் திரும்பிப் பார்த்தேன்.

“லோடு பாக்க ரிஜிஸ்டர்க்காரர் எதுக்கு வரணும்? முத்திரைக் கம்பி எதுக்கு? நேத்தே மனசிலாச்சு. ராத்திரி உறங்கலை.”

“வாங்கலை” என்றேன். மூன்றாவது கட்டத்தை அவருக்குக் காட்டினேன். வெறுமையாக இருந்தது. அவருக்கு மூச்சு ஒரு முறை பெரிதாக வந்தது.

பாலக்காட்டைத் தாண்டி டீக்கு நின்றபோது கேட்டேன். “இவ்வளவு தெரிஞ்சவர், என் தாளை மட்டும் ஏன் மதிக்கலை? தினமும் துடைக்கறீங்க. எழுதியிருக்கறதுக்கு நேர்மாறா ஓட்டறீங்க.”

அவர் தம்ளரைச் சுழற்றிக்கொண்டே இருந்தார். “சாரே, வீட்ல பேசறது தமிழ். படிச்சது மலையாள ஸ்கூல். தமிழ் எழுத்து எனக்குத் தெரியாது. அதான் எல்லாத்தையும் போன்ல பேசி அனுப்பறேன். சொல்ல நாணமா இருந்துச்சு.”

“அப்ப அந்தத் தாள்?”

“மேல அந்தச் சுழி இருக்குல்ல. சாமி காரியம், வண்டிக்கு நல்லதுக்கு ஒட்டிருக்காங்கன்னு நெனச்சேன். வேற மதத்துக்காரங்க பிரார்த்தனை, அழுக்காக விடக்கூடாதுல்ல. அதான் துடைச்சு வச்சேன். என்ன எழுதிருக்கு சாரே?”

எட்டு வரிகளையும் சொன்னேன். முதல் வரியிலேயே அவர் முகம் மாறியது. சிரிப்பை அடக்குவது தெரிந்தது.

“ஆயிரத்து எண்ணூறா! ஐயோ, யாரும் அப்படி ஓட்டலையே?”

“எல்லாரும் அப்படித்தான் ஓட்டறாங்க.”

“மீட்டர்லயே பச்சைப் பட்டை போட்டிருக்கே சாரே. ஆயிரத்துலருந்து ஆயிரத்து ஐந்நூறு வரைக்கும். வண்டி பண்ணினவங்க போட்டது. பச்சைன்னா போ. அதைப் படிக்க எந்த ஸ்கூலுக்கும் போக வேண்டாம்.”

கேபினில் ஏறி மீட்டரைப் பார்த்தேன். இருந்தது. விரல் அகலத்துக்குப் பச்சை. பதினோரு வண்டிகளிலும் கிலோமீட்டர் குறிக்க தினமும் அதே கண்ணாடிக்குள்தான் குனிந்திருக்கிறேன். அதற்கு நாலு விரல் மேலே என் தாள். டிரைவர்கள் எல்லாரும் என் எழுத்துக்குக் கட்டுப்பட்டார்கள். அந்தக் கட்டுப்பாட்டின் மைலேஜைத்தான் ஆண்டுக்கணக்கில் ‘நாலு, நாலு’ என்று நானே ரிஜிஸ்டரில் எழுதி வந்திருக்கிறேன்.

சங்ககிரிப் பங்கில் கம்பியை அறுத்து மறுபடி வாய்வரை நிரப்பினோம். உலுக்கினோம். நுரை அடங்கியது. 312 கிலோமீட்டர், 64 லிட்டர். லிட்டருக்கு நாலே முக்காலுக்கும் மேல். மற்ற வண்டிகளைவிட இருபத்தைந்து நிமிடம் தாமதம், அதையும் குறித்தேன்.

முதலாளி யார்டு வாசலிலேயே நின்றார். “சாவி எங்கீங்க?”

“வண்டில இருக்குதுங்க. இருக்கட்டுங்க. உருட்டலை. தப்பு என் தாள்ல.”

நின்றபடியே முழுவதும் சொன்னேன். என் வேலைக்கு என்ன ஆகும் என்ற எண்ணம் பாதியில்தான் வந்தது. அதற்காக நிறுத்தவில்லை. முதலாளி இடுப்பில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“அப்ப படிச்சவனெல்லாம் டீசலக் குடிச்சான், படிக்காதவன் மிச்சம் புடிச்சானா?”

“படிச்சிருக்கேன் முதலாளி” என்றார் அஷ்ரப் பின்னாலிருந்து. “மலையாளத்துல பத்தாங் கிளாஸ்.”

முதலாளி அவரை ஏற இறங்கப் பார்த்தார். “அடுத்த வாரம் பத்துப் பேரையும் வரச் சொல்றேன். நீ பக்கத்துல உக்காந்து காட்டு. தாள் ஒட்டிப் போடாதீங்க.” கடைசி வாக்கியம் எனக்கு.

பிரிவதற்கு முன் அஷ்ரப்பிடம், அவர் கேபினிலிருந்து அந்தத் தாளை முதலில் எடுத்துவிடுகிறேன் என்றேன்.

“வேண்டாம் சாரே, இருக்கட்டும். ஒன்றரை வருஷமா எனக்கு ஒரு கேடும் வரலை. ராசியான தாளு.”

14, வெள்ளி. நாலு நாற்பதுக்கு எழுந்தேன். நடைக்குப் போகவில்லை. ஒரு வாளித் தண்ணீர், பிளேடு, துணியோடு யார்டுக்குப் போனேன். நாலு வண்டிகள் நின்றிருந்தன. கிலோமீட்டர் பார்ப்பதற்கு முன்னால், மூன்று கேபின்களில் என் தாளை நனைத்துச் சுரண்டி எடுத்தேன். நாலாவதான அஷ்ரப்பின் வண்டியில் ஏறுவதற்கு முன் செருப்பைக் கழற்றினேன். தாளை ஈரத் துணியால் துடைத்துவிட்டு இறங்கினேன்.